துக்கச் செய்திக்கு என் அக்கா

இப்போது எந்தச் சேனலைத் திருப்பினாலும் ஒரு பெண் செய்தி வாசித்துக்கொண்டிருக்கிறாள். என் வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, பெண்கள் எங்கேயோ போய்விட்டார்கள் என்று மெச்சிக்கொள்வார்கள். நான் தலையை ஆட்டிவிட்டுக் காபி போட எழுந்துவிடுவேன். எத்தனை பெண்கள் வாசிக்கிறார்கள் என்று எண்ணுகிற பழக்கம் எனக்கு இல்லை. எந்த நாளில் எந்தச் செய்தியை எந்த முகத்திடம் கொடுக்கிறார்கள் என்று மட்டும் பார்ப்பேன். என் அக்கா ஹைதராபாத் டிவியில் செய்தி வாசித்த காலத்தில் பிடித்த பழக்கம் அது.

எங்கள் வீடு சிக்கந்தராபாத் மெட்டுகுடாவில் இருந்தது. அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அரக்கோணத்துப் பக்கத்திலிருந்து வேலைக்கென்று வந்து, குவார்ட்டர்ஸில் எங்கள் இருவரையும் வளர்த்து, ரிட்டயரான மறு வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவும் நாங்கள் இரண்டு பெண்களும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் பின்பக்கத்துச் சந்திலேயே ஒரு போர்ஷனுக்குக் குடிபோனோம். நான் இங்கிலீஷ் மீடியத்தில் படித்து ஒரு அரசுக் கம்பெனியில் ஸ்டெனோவானேன். அக்கா படித்தது தெருக்கோடியில் இருந்த தெலுங்குப் பள்ளிக்கூடத்தில்.

வீட்டுக்குள் அரக்கோணத்துத் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு, கடைக்குப் போனால் ஆமாம், வேண்டாம் என்பதற்கு உருதுவில் ஹவ், நக்கோ என்று எல்லாவற்றையும் ஒரே வாயில் போட்டு மெல்லுகிற குடும்பம் எங்களுடையது. அக்கா மட்டும் விதிவிலக்கு. அவள் தெலுங்கு பேசினால் தெலுங்குக்காரர்களே அவளைக் கோதாவரிக் கரையா, கிருஷ்ணா ஜில்லாவா என்று விசாரிப்பார்கள். தமிழ்க்காரி என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். அம்மாவுக்கோ காய்கறிக்காரனிடம் பேரம் பேசுகிற அளவுக்கு மேல் தெலுங்கு ஏறவே இல்லை. ஊருக்கு வந்து முப்பது வருஷமாகியும் செய்தித் தெலுங்கு அவளுக்குச் சமஸ்கிருதம்தான்.

டிவி நிலையம் ஆரம்பித்த புதிதில் செய்தி வாசிக்க ஆள் எடுத்தார்கள். மாதத்தில் சில நாட்கள் மட்டும் போய் வாசித்துவிட்டு வருகிற தற்காலிக வேலை. அக்காவுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. மாமா, அதாவது அவள் புருஷன், மல்லாபூர் பக்கம் ஒரு மத்திய அரசுத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர், எங்கள் சந்திலேயே வேறு போர்ஷனில் குடித்தனம் வைத்திருந்தார். அவர்தான் பேப்பரில் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, "வீட்ல என்னைத் திட்டற குரல வெளியில கொஞ்சம் செலவு பண்ணு," என்று சொல்லி ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனார். நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன்.

தேர்வு நடந்த விதத்தை நான் மறக்கவில்லை. ஆண்களை உட்காரவைத்து ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள், கேட்டார்கள், அனுப்பினார்கள். பெண்களை வாசிக்கச் சொன்னார்கள், பிறகு நிற்கச் சொன்னார்கள், இந்தப் பக்கம் திரும்பச் சொன்னார்கள், சிரிக்கச் சொன்னார்கள், தலையில் வேறு பூ வைத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி பஜ்ஜி கேட்காததுதான் பாக்கி. அக்காவைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

செய்திப் பிரிவில் இருந்த அதிகாரி நல்ல மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குத் திட்டவாவது சௌகரியமாக இருந்திருக்கும். அக்காவை "அம்மா" என்றுதான் கூப்பிடுவார், உட்காரச் சொல்லாமல் பேச மாட்டார். அவர் அக்காவுக்கு முதல் நாள் சொன்னது இது: ஜனங்கள் விளக்கு வைத்த நேரத்தில், சாப்பாட்டுத் தட்டோடு செய்தி பார்க்கிறார்கள், அப்போது திரையில் லட்சுமி மாதிரி ஒரு முகம் தெரியவேண்டும். ஆண்களுக்கு அவர் எந்தச் சாமியையும் சொல்லவில்லை. பொட்டில்லாமல் பெண்களை ஸ்டூடியோவுக்குள் விட மாட்டார்கள். கிறிஸ்தவப் பெண் ஒருத்தி வாசித்தாள், அவளும் கேமரா முன்னால் பொட்டோடுதான் உட்கார்ந்தாள்.

எந்த நாளில் யார் வாசிப்பது என்பதிலும் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. தேர்தல் முடிவு, பட்ஜெட், மந்திரிசபை மாற்றம் என்றால் ஆண்கள் வாசிப்பார்கள். குரலில் கனம் வேண்டுமாம். பெரிய மனிதர்கள் செத்தாலும் அவர்கள்தான். ஒன்றும் நடக்காத நாட்கள் பெண்களுக்கு. அக்கா அதற்காக வருத்தப்பட்டதே இல்லை. அணையில் நீர் மட்டம், மாம்பழ விளைச்சல், எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கபடியில் ஜெயித்தார்கள் என்கிற மாதிரிச் செய்திகள்தான் அவளுக்குப் பிடிக்கும். "யாராவது ஒருத்தன் நம்ம ஊர் பேரு டிவில வருதான்னு காத்துனு இருப்பான்டி. அவனுக்காகத்தான் படிக்கறேன்," என்பாள். அடுப்படியில் நின்று ஆழாக்கு அரிசி களைகிற நேரத்தில் ஊர்ப்பேர்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பாள். அவள் சந்தோஷமாக இருந்தாள் என்று தெரிந்துகொள்ள அது ஒன்று போதும்.

எங்கள் சந்துப் பெண்களுக்கு அக்கா டிவியில் வருவது அவர்கள் சொந்த விஷயமாகிவிட்டது. செய்தியை விடுங்கள், புடவைதான் முக்கியம். கல்யாணப் புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்து வந்து, இதைக் கட்டிக்கொள், எங்கள் வீட்டுப் புடவை ஒருநாள் டிவியில் வரட்டும் என்று கொடுத்துவிட்டுப் போவார்கள். அன்றைக்குச் சாயங்காலம் அந்த வீட்டார் சொந்தக்காரர்களையெல்லாம் கூட்டிவைத்துக்கொண்டு தங்கள் புடவையைப் பார்ப்பார்கள். அக்கா என்ன வாசித்தாள் என்று மறுநாள் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அம்மாவும் அப்படித்தான். மொழி புரியாததால் அவள் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். முடிந்ததும், "இன்னிக்கி நல்லா இருந்தா," என்று எழுந்து போவாள்.

கல்யாணமாகி நாலைந்து வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. மாமாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி கொடுத்துக்கொண்டே இருந்தார்கள், ஆஸ்பத்திரிக்குப் போனபோது நேரம் கடந்திருந்தது. அவ்வளவுதான். அவரைப் பற்றி அதிகம் எழுத என்னால் இன்றைக்கும் ஆகவில்லை. வீட்டுக்குள் நுழையும்போதே ஏதாவது கேலி சொல்லிக்கொண்டு வருகிற ஆள் அவர்.

காரியத்தன்று செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார்கள். போலாரத்திலிருந்து மாமாவின் அம்மாவும் அத்தைமாரும் வந்து சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். பொட்டை அழித்தார்கள், பூவை எடுத்தார்கள், வளையலை உடைத்தார்கள்.  குழந்தை இல்லாததால் அவளை எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டோம். பிறகு மாமாவின் தொழிற்சாலையிலேயே அவளுக்கு ஒரு குமாஸ்தா வேலை கொடுத்தார்கள். ஆகவே சோற்றுக்குக் குறைவில்லை. ஆனால் அவள் அடுப்படியில் நிற்கும்போது ஊர்ப்பேர்கள் கேட்பது நின்றுபோயிற்று. வீட்டில் சாவு நடந்ததைவிட அந்த மௌனம்தான் என்னை வாட்டியது. அவளுக்கு இனி வேண்டியிருந்தது செய்தி வாசிக்கிற அந்த மேஜை ஒன்றுதான், அதற்குத் திரும்பிப் போக முடியுமா என்பதுதான் எங்கள் வீட்டில் கேள்வியாக இருந்தது.

சில மாதம் கழித்து அவள் துணிந்து நிலையத்துக்குப் போனாள். திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்.

"வாம்மா வாம்மான்னுதான் சொன்னாரு. நெத்தியப் பாத்தாரு. அப்புறம், ஏமீ அனுகோகண்டம்மா, தப்பா நெனச்சிக்காதீங்க, சின்னதா ஒரு ஸ்டிக்கர் பொட்டு மட்டும் வெச்சிக்குங்க, உள்ள போறப்ப ஒட்டிக்குங்க, வெளிய வர்றப்ப எடுத்துடுங்கன்னாரு. வெறும் நெத்தியோட சாயங்கால வேளைல ஜனங்க முன்னால ஒக்காந்தா நல்லா இருக்காதாம்."

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஊரே பாக்கும்டி. போலாரத்துல உன் மாமியாரும் பாப்பா. புருஷன் போயி வருஷம் திரும்பல, பொட்டு வெச்சினு டிவில சிரிக்கறா பாருன்னு காறித் துப்புவாங்க. உங்கப்பா போனப்ப நான் எடுத்தேன். எடுத்தது எடுத்ததுதான்."

"நீ பதறாதம்மா. நானும் நக்கோன்னு சொல்லிட்டுதான் வந்தேன்," என்றாள் அக்கா. "வெச்சா வீட்லயும் வெச்சிப்பேன். வீட்ல கூடாதுன்னா அங்கயும் வாணாம். கதவுக்கு உள்ள ஒருத்தி, வெளிய ஒருத்தின்னு என்னால இருக்க முடியாது."

"ரெண்டு எடத்துலயும் வெச்சிக்கயேன்," என்றேன் நான். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். வீடு பொட்டு வைக்கக் கூடாது என்றது, நிலையம் பொட்டில்லாமல் வரக் கூடாது என்றது. அக்கா நடுவில் உட்கார்ந்து தொழிற்சாலையில் வருகைப் பதிவு பார்த்துக்கொண்டிருந்தாள். அதே நிலையத்தில் மூத்த வாசிப்பாளர் ஒருவர் இருந்தார். அவருடைய மனைவியும் தவறிப்போயிருந்தாள். காரியம் முடிந்த கையோடு அவர் அதே கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து பட்ஜெட் வாசித்தார். அவர் நெற்றியில் யாரும் எதையும் தேடவில்லை. எனக்கு அவர் மேல் கோபம் இல்லை, அவர் தெலுங்கு அழகான தெலுங்கு. ஆனாலும் அவர் திரையில் வந்தால் நான் எழுந்து டிவியை அணைத்துவிடுவேன். அம்மா ஏன் என்று கேட்க மாட்டாள்.

அப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் போயிற்று. ஒரு நாள் நாட்டின் பெரிய தலைவர் ஒருவர் இறந்துபோனார். எல்லா இடத்திலும் கொடியை இறக்கினார்கள், கடைகளை மூடினார்கள், துக்க நாட்கள் என்று அறிவித்தார்கள். டிவியில் பாட்டுகளும் நாடகங்களும் நின்று, செய்தியும் சோக இசையும் மாறி மாறி ஓடின. ஆண் வாசிப்பாளர்கள் வாசித்து வாசித்துத் தொண்டை கட்டிப்போயிருந்தார்கள். பெண்களைக் கூப்பிட்டார்கள், அந்தக் கிறிஸ்தவப் பெண் அதற்குள் வேலையை விட்டுப் போயிருந்தாள். அதிகாரி அவர்களிடம், துக்க நாள், நல்ல புடவை வேண்டாம், பூ வேண்டாம், பொட்டும் வேண்டாம் என்றிருக்கிறார். அங்கேதான் சிக்கிக்கொண்டது. கட்டின புருஷன் கல்லுக் குண்டாக வீட்டில் இருக்கும்போது நெற்றியை அழித்துக்கொண்டு ஊர் முன்னால் உட்கார மாட்டோம் என்று அத்தனை பேரும் மறுத்துவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அவர்கள் வீட்டிலும் ஒரு மாமியார் டிவி பார்த்துக்கொண்டிருப்பாள்.

மத்தியானம் நிலையத்து ஜீப் எங்கள் சந்துக்குள் வந்து நின்றது.

அதிகாரியே இறங்கி வந்திருந்தார். வாசல்படியில் நின்றபடி அம்மாவைக் கும்பிட்டார். அக்காவிடம் மட்டும் தெலுங்கில் மெதுவாகச் சொன்னார்: நீங்கள் இப்படியே வந்தால் போதும், அம்மா. அக்கா அந்த வார்த்தையை அப்படியே தமிழில் சொல்லவில்லை, எனக்கு அது புரியும் என்று அவளுக்குத் தெரியும். அம்மா, "என்னாவாம்?" என்று கேட்டாள். "படிக்கக் கூப்புடறாரும்மா. பொட்டு வாணாமாம்," என்றாள் அக்கா. அம்மாவுக்கு அதில் மறுக்க ஒன்றும் அகப்படவில்லை. வெள்ளைப் புடவை கேமராவில் கண்ணைக் கூசும் என்று சாம்பல் நிறப் புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு அக்கா ஜீப்பில் ஏறினாள்.

அன்று அவள் வாசித்ததை நான் வீட்டில் இருந்து பார்த்தேன். குரல் எங்கேயும் தடுக்கவில்லை. ஒப்பாரி இல்லை, நாடகம் இல்லை, நிதானமாக வாசித்தாள். செத்தவர் எங்கள் வீட்டு மனிதர் என்று எனக்குத் தோன்றிவிட்டது, தலைவருக்காக இல்லாத அழுகை எல்லாம் அழுது தீர்த்தேன். மறுநாள் ஆபீசில், நேற்றுச் செய்தி வாசித்த அம்மாள் யார், என்ன பாந்தம் என்று எல்லோரும் பேசினார்கள். துக்கச் செய்திக்கு ஆண் குரல்தான் வேண்டும் என்று சொன்ன அதே வாய்கள், துக்கத்தைப் பெண் சொன்னால்தான் மனசில் தைக்கிறது என்று திருப்பிச் சொல்லின. நிலையம் அதைப் பிடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு யார் போனாலும் அக்காதான். முன்னாள் மந்திரி, வயதான சங்கீத வித்வான், மடத்துச் சாமியார், ரயில் கவிழ்ந்தாலும் சரி, கடலோரத்தில் புயல் அடித்தாலும் சரி, ஜீப் வந்துவிடும். சாதாரண நாட்களில் அவள் பக்கம் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எங்கள் சந்துக்குள் அந்த ஜீப் நுழைந்தால், யார் யாரென்று கேட்டுக்கொண்டு ஆட்கள் கூடிவிடுவார்கள். தொழிற்சாலையில் அவள் அரைநாள் லீவு கேட்டால் பக்கத்து மேஜைக்காரர் குரலைத் தாழ்த்தி, யாரம்மா போனது என்பார். பல் வலிக்கு லீவு கேட்டாலும் அதே கேள்விதான்.

புடவை கொண்டுவருவதை எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். அது எனக்கு எதிர்பார்த்த விஷயம்தான். அடுத்த வீட்டுத் தெலுங்கு அம்மாள் ஒரு நாள், தப்பாக எடுத்துக்கொள்ளாதே, டிவியில் உன்னைப் பார்த்தாலே யார் போனார்களோ என்றுதான் தோன்றுகிறது என்று அக்காவிடமே சிரித்துக்கொண்டு சொன்னாள். அக்காவும் கூடச் சிரித்தாள். வீட்டுக்குள் வந்து என்னிடம், "நான் சாவுச் சங்கா ஆயிட்டேன்டி," என்றாள்.  

"போவாத. அடுத்த தபா ஜீப் வந்தா வரலன்னு சொல்லிடு," என்றேன் பிறகு ஒருநாள்.

"போவாம இருந்தா அந்தக் கதவும் மூடிக்கும். போயினு இருந்தா என்னிக்காவது ஒரு நாள் சும்மா நாள்ல ஒக்கார வெப்பாங்க. ஒரே ஒரு நாள், மழை பெஞ்சுது, ஏரி ரொம்பிச்சுன்னு படிக்கணும்டி எனக்கு. வேற ஒண்ணும் வாணாம்."

அதிகாரியிடமும் கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். பார்க்கலாம் அம்மா, பார்க்கலாம் என்பார். அவரும் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

ஒரு ஆடி மாதம், மூன்று நாளாக விடாத மழை. அன்று சாயங்காலம் அதே வேண்டுகோளோடு அக்கா நிலையத்துக்குக் கிளம்பினாள், குடை பிடிக்க ஆள் வேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது செய்திப் பிரிவில் ஒரே கலவரம். வாசிக்க வேண்டிய பெண் வந்த பஸ், நாலா, அதாவது பெரிய சாக்கடைக் கால்வாய், பொங்கி ரோட்டை மூடியதால் எங்கேயோ நின்றுவிட்டது. மாற்று ஆளாக இருந்தவருக்கு வீட்டுக்குள்ளேயே தண்ணீர். நேரமோ நெருங்கிக்கொண்டிருந்தது. அதிகாரி அக்காவைப் பார்த்தார். அவள் நெற்றியையும் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

"சதவண்டம்மா," என்றார். வாசியுங்கள் அம்மா.

அக்கா தாளை வாங்கி ஊர்ப்பேர்களை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.  பச்சைப் புடவை கட்டியிருந்தாள், முந்தானை கொஞ்சம் ஈரம். என்னை வெளியறையில் ஒரு டிவி முன்னால் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனாள்.

அணைகள் நிரம்பின, மதகுகளைத் திறந்துவிட்டார்கள் என்று வாசித்தாள். விதைப்புக்கு நல்ல மழை என்று விவசாயிகள் மகிழ்ச்சி தெரிவித்ததை வாசித்தாள். எந்த மாவட்டத்தில் எவ்வளவு மழை என்று ஊர்ப்பேர்களாக அடுக்கினாள், ஒவ்வொரு பேரையும் கையில் எடுத்து வைப்பது போல. ஏதோ ஒரு சின்ன ஊரின் பெண்கள் அணி கோகோ விளையாட்டில் கோப்பை வாங்கியிருந்தது. கடைசியில் கைகூப்பி நமஸ்காரம் சொன்னாள், சொல்லிவிட்டுச் சிரித்தாள். மாமா போன பிறகு அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். பக்கத்தில் இருந்த கான்டீன்காரரிடம் எங்கக்கா, எங்கக்கா என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்து ஆட்டோ பிடித்தோம். அக்கா மழைக்காக முந்தானையைத் தலையில் போட்டு முகத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். அந்தக் கோகோ பெண்கள் டிவி பார்த்திருப்பார்களா, அவர்கள் ஊரில் டிவி இருக்குமா என்றாள். நான் சிக்கந்தராபாத் ஸ்டேஷன் பக்கம் நிறுத்தி இரானி ஓட்டலில் டீயும் பிஸ்கட்டும் வாங்கித் தரச் சொன்னேன். சரி என்றாள்.

ஸ்டேஷனை நெருங்கும்போது பார்த்தால், கடைகளுக்கு ஷட்டர் இறங்கிக்கொண்டிருந்தது. இரானி ஓட்டலில் பாதி ஷட்டருக்குக் கீழே நாற்காலிகளை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்கள். டிவி விற்கிற கடை ஒன்றின் முன்னால் குடைகளோடு கூட்டம். கண்ணாடிக்குப் பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது, வெளியில் நிற்பவர்களுக்குப் படம் தெரியுமே தவிரச் சத்தம் கேட்காது. ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்து ஒருவரிடம் என்ன என்று கேட்டார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"கோயீ படே ஆத்மி குஜர் கயே கத்தே, அம்மா. டிவி மே வோ மய்யத் வாலீ மேடம் ஆயே தே."

யாரோ பெரிய மனிதர் போய்விட்டாராம். டிவியில் அந்தச் சாவு மேடம் வந்தார்களாம். மெட்டுகுடா வரைக்கும்தான் வருவேன், அப்புறம் பந்த் ஆகிவிடும், நானும் வீட்டுக்குப் போகவேண்டும் என்றார். இந்த ஊரில் ஷட்டரை இறக்க விவரம் தேவையில்லை, ஜாடை போதும். சத்தத்தோடு கேட்டவர்கள் இல்லை இல்லை, மழைச் செய்திதான் என்று சொல்லியிருப்பார்கள். மூடின கடையை மட்டும் யாரும் திறக்கவில்லை. நான் ஆட்டோக்காரரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் முழங்கையைப் பிடித்தாள். பிடித்த கையை வீடு வரும்வரை விடவில்லை.

வீட்டில் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். சாவுச் செய்தி என்றால் அவள் அடுப்பெரிய விட மாட்டாள். எங்களைப் பார்த்ததும், "யாரு போனாங்க?" என்றாள்.

"யாரும் போவலம்மா," என்றாள் அக்கா. "மழை பெஞ்சுது. ஏரியெல்லாம் ரொம்பிச்சு. அதான் படிச்சேன்."

அம்மாவுக்குப் பிடிபடக் கொஞ்ச நேரமாயிற்று. எங்கள் கறுப்பு வெள்ளை டிவியில் தெரியாத பச்சைப் புடவையைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள்.

"அதான் சிரிச்சியா? நான் என்னமோன்னு நெனச்சேன். யாரோ செத்துக் கெடக்கறாங்க, எம்பொண்ணு கைகூப்பிட்டு சிரிக்கறாளே, புத்தி கித்தி கலங்கிடுச்சான்னு எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப் போச்சுடி."

அக்கா புடவையை மாற்றிக்கொண்டு வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். மூன்று பேருக்கும் ரசம் வைத்தாள். 

மறுநாள் காலையில் அக்கா வேலைக்குக் கிளம்பி, கண்ணாடி முன்னால் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அம்மா சாமி மாடத்திலிருந்து குங்குமத்தை எடுத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் நின்றாள். அப்பா போன பிறகு அம்மா அதைக் கையால் தொட்டு நான் பார்த்ததில்லை, சாமிக்கும் என்னைத்தான் வைக்கச் சொல்வாள்.

"வெச்சிக்கடி," என்றாள். "வீட்லயும் வெச்சிக்க, அங்கயும் வெச்சிக்க. போலாரத்துலேந்து எவ வந்து கேக்கறான்னு நான் பாக்கறேன்."

 அக்கா பின்னலை முடித்தாள். பிறகு அம்மாவின் விரல்களை மடக்கி அந்தக் குங்குமத்தை அவள் உள்ளங்கையிலேயே மூடினாள்.

"பொட்டு வெச்சாலும் இந்த மொகந்தானேம்மா," என்றாள்.